சிவப்பு மிதவை எந்தப் பக்கம்?

போன வருஷம் சிங்கப்பூரில் உல்லாசப் படகு ஓட்டும் உரிமம் எடுத்தேன். அதற்கப்புறம் என் கணக்கில் சேர்ந்தவை பதினொரு பயணங்கள். எல்லாம் உபின் தீவு, லாசரஸ் தீவு என்று மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுகிற தூரம்தான். பன்னிரண்டாவது பயணம் மட்டும் மச்சான் புண்ணியத்தில் மிச்சிகன் ஏரியில் அமைந்தது.

மச்சான் என் மனைவியின் அண்ணன். அமெரிக்காவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு 36 அடி டிராலர் (உள்ளேயே தங்கிக்கொண்டு நிதானமாகப் போகிற வகை) படகொன்றை வாங்கி, 'கிரேட் லூப்' கிளம்பிவிட்டார். அட்லாண்டிக் கரை, ஹட்சன் ஆறு, ஈரி கால்வாய், பேரேரிகள், மிசிசிப்பி, மெக்சிகோ வளைகுடா, மறுபடி அட்லாண்டிக் என்று அந்த நாட்டின் கிழக்குப் பாதியையே வலம் வருகிற பாதை. சுமார் 6,000 மைல். போகிறவர்கள் படகின் முகப்பில் வெள்ளை முக்கோணக் கொடி கட்டியிருப்பார்கள். சுற்றி முடித்தவர்களுக்குப் பொன்னிறக் கொடி. "ஒரு வாரம் கயிறு பிடிக்க ஆள் வேணும், வர்றீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டார். லீவு போட்டுவிட்டேன்.

செப்டம்பர் முதல் வாரம். இந்தியானா மாநிலத்து மிச்சிகன் சிட்டியிலிருந்து விடியற்காலையில் கிளம்பினோம். சிகாகோவுக்கு 33 கடல் மைல் சொச்சம். எங்கள் படகு மணிக்கு எட்டு கடல் மைல் வேகத்தில் நிதானமாகப் போகிறது, ஆக நாலு மணி நேரத்துக்கு மேல்.

துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததுமே முதல் பாடம். சிங்கப்பூரில் துறைக்குள் நுழையும்போது, படகு போகிற வழியின் ஓரத்தைக் காட்டும் சிவப்பு மிதவை இடது பக்கம் இருக்க வேண்டும். தேர்வுக்காக உருப்போட்டு உருப்போட்டு அது என் கையிலேயே ஊறிவிட்டது. அமெரிக்காவில் நேர் எதிர், நுழையும்போது சிவப்பு வலது பக்கம். உலகத்தையே 'ஏ', 'பி' என்று இரண்டு மிதவை வட்டாரமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று புத்தகத்தில் படித்திருந்தேன்தான். சுக்கான் கையில் இருக்கும்போது படித்ததா ஞாபகம் வருகிறது? உள்ளங்கையில் பேனாவால் 'நுழைந்தால் சிவப்பு வலது' என்று எழுதிக்கொண்டேன். மச்சான் பார்த்துச் சிரித்தார், ஆனால் அழிக்கச் சொல்லவில்லை.

அப்புறம் தூரம். சிங்கப்பூர் நீரிணையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கப்பல் நிற்கும், அதை வைத்துக் கண் தூரத்தை அளந்துகொள்ளும். இங்கே அப்படி ஒன்றுமே இல்லை, வெறும் தண்ணீர்தான். ஏரி என்று பெயர், கிட்டத்தட்ட 58,000 சதுர கிலோமீட்டர். நம் தீவைப் போல எழுபது எண்பதை உள்ளே போடலாம். முகத்தில் தெறிக்கிற துளியை நக்கினால் உப்பு இல்லை. அதை நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது.

வெளிச்சம் நன்றாக வந்தபோது மேற்கே தண்ணீரிலிருந்து இரண்டு மூன்று சாம்பல் குச்சிகள் முளைத்து நின்றன. கரையும் தெரியவில்லை, ஊரும் தெரியவில்லை. பூமியின் வளைவு கீழ்ப்பாதியை மறைத்துவிடுகிறது, உயரமான கட்டடங்களின் தலை மட்டும்தான் தெரியும். அதில் ஒன்று வில்லிஸ் டவர், 110 மாடி, 442 மீட்டர். அதைத் தாங்கி நிற்கிற எலும்புக்கூட்டைக் கணக்குப் போட்டவர் டாக்காவில் பிறந்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான். "இன்னும் அரை மணி நேரம்?" என்று கேட்டேன். "மூணு மணி நேரம் மாப்பிள்ளை" என்றார் மச்சான். அவர் சொன்னதுதான் சரி. குச்சி கட்டடமாகி, கட்டடத்தில் ஜன்னல் தெரிந்து, ஜன்னலில் வெயில் பளபளக்க ஆரம்பிக்கும்போது பதினோரு மணி.

அதற்குள் காற்று வடகிழக்கிலிருந்து ஏறிவிட்டது. ஏரி அலை நம் கடல் அலை மாதிரி தூக்கி இறக்கிப் போடாது. குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வந்து அறைகிறது. ஆற்று வாய்க்குத் தெற்கே டுசாபிள் துறையில் இடம் எடுத்திருந்தோம். நான் முகப்பில் கயிறோடு நின்றேன். முதல் வீச்சு தண்ணீரில் விழுந்தது, இரண்டாவதும் அப்படியே. பக்கத்துப் படகுக்காரர் ஒருவர் ஓடிவந்து மூன்றாவதைப் பிடித்தார். இவ்வளவு நேரத்தில் உபினில் நான்கு படகு கட்டியிருப்பேன் என்று சொல்ல ஆசை, சொல்லவில்லை. கட்டி முடித்ததும் பழக்கதோஷத்தில் எஞ்சினை நல்ல தண்ணீரில் அலச ஹோஸைத் தேடினேன். "அது வந்ததே நல்ல தண்ணியிலதானே" என்றார் மச்சான்.

மத்தியானம் ஊர் சுற்றினோம். கால் மணி நேர நடையில் ஆர்ட் இன்ஸ்டிடியூட். 1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசியது அந்தக் கட்டடத்தில்தான். அவரை அனுப்ப அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் சென்னையில் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினார்கள். அவர் வந்த கப்பல் பாதை கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் வழியாகத்தான். வான்கூவரில் இறங்கி மிச்சத்துக்கு ரயில் ஏறினார். ஏரி வழியாக வந்த வகையில் நான் கொஞ்சம் மேல் என்று மனைவிக்குப் படம் அனுப்பினேன், பதில் வரவில்லை. டெவான் அவென்யூவில் இட்லி சாப்பிட்டோம். சட்னி சுமார்.

ராத்திரி இரண்டு மணிக்கு 'டொக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'டொக்'. கைலியோடு வெளியே ஓடினேன். தப்பு என்னுடையதுதான். நம் ஊர் படகுத்துறையில் தண்ணீர் மூன்று மீட்டர் வரை ஏறி இறங்கும், கயிறைத் தளர்த்திக் கட்டாவிட்டால் படகு தொங்கிவிடும். அந்தக் கை இங்கேயும் தளர்த்தியே கட்டியிருக்கிறது. ஏரியில் ஏற்ற இறக்கம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை, காற்று மட்டும்தான். படகு ஆடி ஆடி, சுவரில் இடிக்காமல் தடுக்கத் தொங்கவிட்டிருந்த ஃபெண்டர் ஒன்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. இழுத்துக் கட்டினேன். எதிரே அத்தனை மாடியிலும் விளக்கு, நான் கைலியில்.

காலையில் மச்சான் கோப்பி கலக்கிக்கொண்டே, "ஏரியை லேசா நெனச்சுடாதீங்க" என்றார். 1954 ஜூன் 26 அன்று இங்கே புயல்மேகக் கூட்டம் ஒன்று ஏரித் தண்ணீரை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டுப் போனது. வானம் தெளிந்த பிறகு அந்தத் தண்ணீர் திரும்பி வந்து, கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்களை அடித்துப் போனது. எட்டுப் பேர் இறந்தார்கள்.

ஏரியிலிருந்து ஆற்றுக்குள் போக 1938இல் கட்டிய நீர்ப்பூட்டு ஒன்றைத் தாண்ட வேண்டும். இரண்டு பக்கமும் கதவை மூடிப் படகோடு தண்ணீர் மட்டத்தை மாற்றுகிற தொட்டி அது. ரேடார் கம்பத்தை முந்தின நாளே மடக்கிவிட்டோம். நகரின் நடுவே போகும் ஆற்றுவழியில் பாலங்களுக்கு அடியில் போகப் படகின் உயரம் 17 அடிக்குள் இருக்க வேண்டும், நாங்கள் 15. சுவரிலிருந்து தொங்கும் கயிறைப் பிடித்துக்கொண்டு நின்றால் படகு இரண்டு மூன்று அடி மெல்ல இறங்குகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிற கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்த ஆறு ஒரு காலத்தில் ஏரிக்குள் பாய்ந்தது, ஊர்ச் சாக்கடையையும் சேர்த்துக்கொண்டு. குடிதண்ணீரும் அதே ஏரியிலிருந்துதான். 1900இல் 45 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டி ஆற்றையே திருப்பிவிட்டார்கள். இப்போது ஏரியிலிருந்து வெளியே ஓடுகிறது. நம் மரினா அணைக்கட்டு 2008இலிருந்து கடலை வெளியே நிறுத்தி நல்ல தண்ணீரைக் காக்கிறது. இங்கே ஏரியைக் காக்க ஆற்றை வெளியே அனுப்பினார்கள்.

கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே, தலைக்கு மேல் ஒவ்வொரு பாலமாக எண்ணிக்கொண்டே போனோம். பதினைந்தில் கணக்கு விட்டுப்போனது. நகரம் பின்னால் போய், கால்வாய் நேர்கோடாக நீண்டபோது மச்சான் சுக்கானைக் கொடுத்தார். தூரத்தில் ஒரு சிவப்பு மிதவை. உள்ளங்கையைப் பார்த்து வலது பக்கம் விடத் திருப்பினேன்.

"மாப்பிள்ளை, இடது! ஆத்தோட போறப்ப சிவப்பு இடது பக்கம்தான்!"

எச்சிலைத் தொட்டுக் கையை அழித்துக்கொண்டேன்.