ஜமாபந்தியும் கூத்து ஜமாவும்

மே, ஜூன் மாதம் வந்தால் தாலுகா ஆபீஸில் எங்களுக்கு வேறு நினைப்பே கிடையாது. ஊர்களின் நிலக்கணக்கை வருஷத்துக்கு ஒரு முறை சரிபார்க்கிற வேலை அது. பேனரில் 'வருவாய்த் தீர்வாயம்' என்றுதான் போடுகிறோம். வேலூர்ப் பக்கம் மனுவோடு வருகிற யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. "சார், ஜமாபந்தி எப்போ?" என்பார்கள்.

ஜமா அரபுச் சொல். சேர்ப்பது, திரட்டுவது, கூட்டி வந்த மொத்தம் எல்லாம் அதில் அடக்கம். வெள்ளிக்கிழமை ஜும்மா, ஊர் ஜமாத் இரண்டுக்கும் வேர் அதுவே. பந்தி பாரசீகம், கட்டுவது, ஒழுங்கு செய்வது. (சாப்பாட்டுப் பந்தி வேறு. ஜமாபந்தி நாளில் எங்களுக்குச் சோறு மூன்று மணிக்கு மேல்தான் என்பதால் அந்தப் பேச்சு வேண்டாம்.)

இந்தச் சீமை ஆற்காட்டு நவாபுடையது. 1801-ல் வரி வசூல் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனபோது வார்த்தைகளும் கூடவே போயின. தாசில்தாரில் இருக்கிற தாசில் என்றாலும் வசூல்தான். தாலுகாவுக்குள் சில கிராமங்கள் சேர்ந்த பிரிவான பிர்கா மட்டும் நேர் எதிர், பிரித்த பங்கு. ஆக, பிரித்துப் பிரித்து ஒரு நாளைக்கு ஒரு பிர்கா என்று கூட்டிச் சேர்க்கிறோம்.

வி.ஏ.ஓ.க்கள் அடங்கல், சிட்டா என்று சாகுபடி, நில உரிமைப் பதிவேடுகள் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருவார்கள். அளவுச் சங்கிலியும் மேசைக்கு வரும். துருப்பிடித்திருந்தால் அன்றைக்கு அந்த ஆள் தொலைந்தார். வருவாய்க் கணக்குக்கான ஃபசலி ஆண்டு ஜூலை 1-ல் பிறக்கும். 2024 ஜூலையில் பிறந்தது 1434. அந்த ஆண்டு முடிவதற்குள் ஊர்க்கணக்கு நேராக வேண்டும். ஆனால் வாசலில் நிற்பவர்களுக்குக் கணக்கு முக்கியமில்லை. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வழிப்பாதைத் தகராறு என்று ஊரே மரத்தடியில் கூடியிருக்கும். ஜமா என்ற சொல்லுக்கு இந்த இரண்டு பக்கமும் உண்டு. தீர்வாயம் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டது என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் பக்கம் தெருக்கூத்துக் குழுவுக்கும் ஜமா என்றுதான் பேர். மத்தளக்காரர், முகவீணைக்காரர், வேஷக்காரர், கட்டியங்காரன் எல்லாம் சேர்ந்தது ஒரு ஜமா. ஒரு வருஷம் பெரியவர் ஒருவர், 'ஜமாவில் வேஷம் கட்டி வருகிறேன், உதவித்தொகை வேண்டும்' என்று மனு கொடுத்தார். பதிவு செய்த பையன் வெளியூர்க்காரன். ஜமா என்றதும் வருவாய்க் கணக்குத் தலைப்பில் ஏற்றிவிட்டான்.

"ஏன்பா, நிலவரி கட்டுற வேஷமா இது?" என்று கேட்டுவிட்டு, கலை பண்பாட்டுத் துறைக்கு மாற்றி அனுப்பினோம்.