ஐவஸ் திரையில் தெரியும் சுவர்

இதயக் குழாய்களுக்குள் கம்பி விட்டுப் பார்க்கும் கேத் லேப்பில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஐவஸ் படத்தை, அதாவது ரத்தக்குழாய்க்குள்ளிருந்தே எடுக்கும் அல்ட்ராசவுண்ட் படத்தை, பார்த்தபோது எனக்கு ஒன்றுமே புரியவில்லை. நடுவில் ஒரு வட்டம், அது ரத்தக்குழாய்க்குள் விட்ட கதீட்டர் என்ற மெல்லிய குழல். அதைச் சுற்றி ரத்தம் புள்ளி புள்ளியாக மினுங்கும், அதற்கும் வெளியே சாம்பல் நிறத்தில் சுவர். அன்று அந்தச் சுவர் ஒரு பக்கம் மெல்லிசாகவும் இன்னொரு பக்கம் பிறை நிலா மாதிரி தடித்தும் இருந்தது. பக்கத்துத் திரையில் அதே இடத்தின் ஆஞ்சியோ படம், அதாவது ரத்தத்தில் டை ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே, வழவழவென்று இருந்தது. எதை நம்புவது?

ரெண்டுமே உண்மைதான். ஆஞ்சியோவில் தெரிவது டை ஓடும் பாதை மட்டும், கொழுப்பு படிவதோ சுவருக்குள்ளே. சிகாகோவில் கிளாகோவ் என்பவரும் அவருடைய குழுவும் இறந்தவர்களின் 136 இதயங்களை வெட்டிப் பார்த்து 1987ல் ஒன்றைச் சொன்னார்கள்: உள்ளே படிவு சேரச் சேர ரத்தக்குழாய் வெளிப்பக்கமாக விரிந்து கொடுக்கிறது, படிவு ஏறத்தாழ 40 சதவீத இடத்தைப் பிடிக்கும் வரை ரத்தம் ஓடும் பாதை சுருங்குவதே இல்லை. அதுவரைக்கும் ஆஞ்சியோவில் நல்ல குழாயாகத்தான் தெரியும்.

ஐவஸ் இந்த இடத்தில்தான் உதவுகிறது. வயிற்று ஸ்கேனுக்குச் சில மெகாஹெர்ட்ஸ் போதும், இதில் 20 முதல் 60 வரை. அதனால் ஆழம் சில மில்லிமீட்டர்தான் என்றாலும் சுவரின் அடுக்குகள் தெளிவாகப் பிரிந்து தெரியும். மோட்டாரை வைத்து வினாடிக்கு அரை மில்லிமீட்டர் வேகத்தில் கதீட்டரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே வருவோம், அதற்குப் பெயர் புல்பேக். அப்புறம் ஒவ்வொரு படத்திலும் உள்கோடு ஒன்று, வெளிக்கோடு ஒன்று வரைந்தால் நடுவில் இருப்பதுதான் படிவின் அளவு. சுண்ணாம்பு சேர்ந்த இடம் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும், ஒலி அதைத் தாண்டிப் போகாததால் அதன் பின்னால் ஒரே இருட்டு.

என்னை ரொம்ப உலுக்கிய ஆய்வு கிளீவ்லண்ட் கிளினிக்கில் நடந்து 2001ல் வெளியானது. இதய மாற்று அறுவை நடந்த 262 பேருக்கு, சில வாரங்களிலேயே, புது இதயத்துக்குள் ஐவஸ் விட்டுப் பார்த்தார்கள். அவ்வளவு சீக்கிரம் பார்த்ததால் தெரிந்த படிவு எல்லாம் தானம் கொடுத்தவரிடமிருந்தே வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். 50 வயதைத் தொட்ட இதயங்களில் 85 சதவீதத்தில் படிவு, அது பரவாயில்லை, எதிர்பார்த்ததுதான். ஆனால் 20 வயதுகூட ஆகாத பிள்ளைகளின் இதயங்களில் 17 சதவீதம். ஆறில் ஒன்று! நெஞ்சு வலி என்றால் என்னவென்றே தெரியாத வயசு அது.

சரி, படிந்தது கரையுமா? 2016ல் வந்த ஓர் ஆய்வுக்கு அந்தக் கிளாகோவின் பெயரையே வைத்திருந்தார்கள். 968 பேர், 76 வாரம். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையோடு, அதே வேலையைச் செய்யும் எவலோகுமாப் ஊசியும் போட்டவர்களுக்குக் குழாயில் படிவின் பங்கு சராசரியாக 0.95 சதவீதப் புள்ளி குறைந்தது, ஸ்டாடின் மட்டும் எடுத்தவர்களுக்குக் கிட்டத்தட்ட மாறவே இல்லை. சின்ன எண்தான். ஆனால் வருஷக்கணக்காக ஏறிக்கொண்டே போவது என்று நினைத்த ஒன்று நின்றது, கொஞ்சம் இறங்கவும் செய்தது என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

ஐவஸ் எல்லோருக்கும் செய்கிற சோதனை இல்லை, குழாய்க்குள் கம்பி விட வேண்டும், செலவும் அதிகம். அதனால் பலர் ஆஞ்சியோ ரிப்போர்ட்டோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். "முப்பது பர்சன்ட் அடைப்புதானாம், இனிமே கொழுப்பு மாத்திரை வேண்டாம்ல?" என்று வாசலில் யாராவது கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிறை நிலா ஞாபகம் வந்துவிடும். "வேணும்ண்ணே, டாக்டரைக் கேக்காம நிறுத்திடாதீங்க" என்று சொல்லி அனுப்புகிறேன்.