மட்டியை எண்ணாமல் எப்படிக் காப்பது?

மும்பையில் மீன்வள ஆய்வு என்றதும் பலரும் விசைப்படகைத்தான் நினைக்கிறார்கள். என் வேலை சேற்றில். நீர் வற்றும் நேரம் பார்த்துக் கழிமுகத்துக்குப் போவோம். சதுரச் சட்டத்தைப் பதித்து, அதற்குள் இருக்கும் மட்டிகளை, அதாவது சேற்றில் புதைந்து வாழும் சிப்பிகளை, தோண்டிச் சலித்து, ஒவ்வொன்றையும் அளப்போம். குஞ்சு எத்தனை, முட்டையிடும் பருவத்துக்கு வந்தவை எத்தனை என்று தெரிந்தால்தான் எவ்வளவு எடுக்கலாம் என்று சொல்ல முடியும்.

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. நல்ல ஏற்பாடு. ஆனால் படகே இல்லாமல் கையால் மட்டி எடுக்கும் கோலி என்ற மும்பை மீனவச் சமூகத்துப் பெண்கள் எந்தப் படகுக் கணக்கில் வருவார்கள்? எனக்கு இது ஆறவே இல்லை.

கேரளத்தின் அஷ்டமுடிக் காயலில் வழி கண்டார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, இனப்பெருக்க மாதங்களில், மட்டி எடுப்பதில்லை. வலைக்கண் 30 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. 2014இல் பன்னாட்டு நீடித்த மீன்பிடிச் சான்று கிடைத்தது. இந்தியாவில் அதுவே முதல்.

அதை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. மும்பையில் கழிவுநீரும் சேர்ந்துகொள்கிறது. முதலில் அந்தப் பெண்களிடம் கேட்க வேண்டும். எந்தத் திட்டில் மட்டி சிறுத்துவிட்டது என்பது எங்கள் சதுரச் சட்டத்துக்கு முன்பே அவர்கள் விரலுக்குத் தெரியும்.

தாராவி, சயான் பக்கத்துத் தமிழ் உறவுகளே, சந்தையில் நகத்தளவு மட்டியைக் கண்டால் தயவுசெய்து வாங்காதீர்கள்.