டீசலுக்கு மாற்று எங்கே?

2024 ஜனவரியில் ஜெர்மனி விவசாயிகள் டீசல் சலுகைக் குறைப்பை எதிர்த்து டிராக்டர்களோடு பெர்லினுக்குள் வந்ததை, சுற்றுச்சூழலுக்கு எதிரான போராட்டம் என்று பலர் சுருக்கிவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

2023 நவம்பரில், காலநிலை நிதிக்கு 6,000 கோடி யூரோவை அரசு மாற்றியது செல்லாது என்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்ஜெட்டில் பள்ளம் விழுந்தது. அதை நிரப்ப அரசு கைவைத்த இடங்களில் ஒன்று, விவசாய டீசலுக்கு லிட்டருக்குச் சுமார் 21 சென்ட் எனத் திருப்பித் தரப்பட்டு வந்த வரி. டிராக்டர்களுக்கான வாகன வரி விலக்கையும் சேர்த்தே பறிக்கப் பார்த்தார்கள். எதிர்ப்பு வலுத்ததும் அதைக் கைவிட்டு, டீசல் சலுகையை மட்டும் படிப்படியாகக் குறைப்பதாக அறிவித்தார்கள்.

டீசல் விலை ஏறினால் நகரத்துக்காரர் ரயிலில் போகலாம். உழவுக்கும் அறுவடைக்கும் எந்த ரயில் வரும்? நாள் முழுக்க வயலில் ஓடக்கூடிய பெரிய மின் டிராக்டர்கள் இன்னும் பரவலாகவில்லை. விளைபொருளை வாங்கும் பெரிய நிறுவனங்களோடு விலை பேசும் வலிமையும் விவசாயிக்கு இல்லை; கூடுதல் செலவை அவர் யார் தலையில் வைப்பார்? அறுவடை இயந்திரத்தை வாடகைக்கு ஓட்டுபவருக்கும் அதே கதிதான்.

காலநிலை மாற்றத்தில் முதலில் அடிபடுபவர்களில் விவசாயியும் ஒருவர். பசுமைக் கொள்கையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாற்று இயந்திரத்தையும் அதை வாங்கக் கடனையும் முதலில் கொடுங்கள், பிறகு வரியைப் பற்றிப் பேசுங்கள் என்கிறேன்.