சரிவில் அணையாத இன்ஜின்

நேற்று மாலை, யூட்டா மாநிலத்தின் மோவாப் பாறைச் சரிவில் என் பழைய ஜீப் மூக்கை வானத்துக்குத் தூக்கி நின்றது. இன்ஜின் ஒருமுறைகூட இருமவில்லை. இதற்காகத்தான் இரண்டு வருடம் உழைத்து, அதைப் பெட்ரோலிலிருந்து புரொப்பேன் என்ற எரிவாயுவுக்கு மாற்றினேன்.

பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் மிதவையுள்ள ஒரு சிறு கிண்ணம் உண்டு. வண்டி செங்குத்தாகச் சாய்ந்தால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். இன்ஜின் மூச்சுத் திணறும் அல்லது பட்டினி கிடக்கும். புரொப்பேனுக்கு அந்தக் கிண்ணமே தேவையில்லை. தொட்டியிலிருந்து தன் அழுத்தத்திலேயே திரவமாக வந்து, ஆவியாக்கியில் வாயுவாகி, மிக்சரில் காற்றோடு கலக்கிறது.

என்னைப் பாடாய்ப் படுத்தியது ஆவியாக்கிதான். புரொப்பேன் கொதிப்பது மைனஸ் 42 டிகிரி செல்சியஸில். ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். அதனால் இன்ஜினின் சுடுநீர் அதற்குள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நான் அதை ரேடியேட்டரைவிட உயரத்தில் பொருத்தியிருந்தேன். குழாயில் காற்று அடைத்துக்கொண்டு சுடுநீர் ஓடாமல் போனது. முதல் ஓட்டத்திலேயே ஆவியாக்கியின் மேலெல்லாம் வெண்பனி! கீழே இறக்கிய பிறகே சரியானது.

லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. பரவாயில்லை, பாறை ஏறுபவனுக்கு நெடுந்தூரப் பயணம் எதற்கு?

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: அடுப்புச் சிலிண்டரை மாட்டாதீர்கள். அது வாயுவைத் தரும். இதற்குத் திரவம் வேண்டும். கிடங்குகளில் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் தொட்டிதான் பொருத்தம். கசிந்தால் இந்த வாயு காற்றைவிடக் கனமாகப் பள்ளத்தில் தேங்கும். இன்ஜின் நின்றதும் தானாக மூடும் வால்வில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

நாளை பற்றவைப்பு நேரத்தை, அதாவது இன்ஜினுக்குள் தீப்பொறி விழும் தருணத்தை, சரிசெய்யப் போகிறேன்.