எலுமிச்சைத் தோப்பு நாட்குறிப்பு: எறும்புச் சாரையைத் தேடி

மார்ச் 4
கொழுந்து விடத் தொடங்கிவிட்டது. கூடவே இலைத்துளைப்பானும் வந்தாயிற்று. தளிரெல்லாம் வெள்ளிக் கம்பி போல் நெளிநெளியாய்த் தடம். பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனால் வளர்ந்த மரம் இதைத் தாங்கிவிடும். இளங்கன்றுகளுக்கு மட்டும் வேப்ப எண்ணெய்க் கரைசல் தெளித்தேன்.

மார்ச் 11
வடக்கு வரிசையில் நான்கு மரங்களின் இலைகள் புகை பிடித்தது போல் கறுத்துக் கிடந்தன. கரும்பூசணம். விரலால் தேய்த்தால் பிசுபிசுப்பு. அண்ணாந்து பார்த்தால் காம்பிடுக்கில் மாவுப்பூச்சி, அடிமரத்தில் கறுப்பு எறும்புச் சாரை. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீரில்தான் கரும்பூசணம் படர்கிறது. அந்த நீருக்காக எறும்பு மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கிறது. தின்ன வரும் பொறிவண்டையும் குளவியையும் விரட்டிவிடுகிறது. எல்லா எறும்பையும் குறை சொல்ல மாட்டேன். சீனாவில் பல நூற்றாண்டுகளாக ஆரஞ்சுத் தோப்புகளில் முசுறு என்கிற, இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் எறும்பின் கூடுகளை வைத்தே பூச்சியை அடக்கியிருக்கிறார்கள். இந்தக் கறுப்பு எறும்பு அந்த வகை இல்லை.

மார்ச் 13
தரையைத் தொட்ட கிளைகளை முழங்கால் உயரத்துக்குக் கழித்துவிட்டேன். அடிமரத்தைச் சுற்றி நாடா ஒட்டி, அதன்மேல் பிசின் தடவினேன். பட்டையில் நேரடியாகத் தடவினால் மரத்துக்குக் கெடுதல். கிளையில் சாய்ந்திருந்த ஒரு புல் தாள் போதும், எறும்புக்குப் பாலமாகிவிடும், அதையும் அறுத்தேன்.

மார்ச் 17
சாரை நின்றுவிட்டது. மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டுகளை மாலையில் விட்டேன். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டை 1891-லேயே கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

ஏப்ரல் 3
இன்று பெரிய தப்பு செய்யப் பார்த்தேன். கிளையில் பஞ்சு பஞ்சாய்ப் பெரிய பூச்சிகள். மாவுப்பூச்சி பெருத்துவிட்டது என்று தண்ணீர்க் குழாயைக் கையில் எடுத்துவிட்டேன். அப்புறம் லென்ஸ் வைத்துப் பார்த்தால், அது விறுவிறுவென்று ஓடுகிறது! பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சி மாதிரியே மெழுகு போர்த்தியிருக்கும். அளவும் வேகமும்தான் வித்தியாசம். குழாயைக் கீழே வைத்துவிட்டு அரை மணி நேரம் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 19
வண்டிப்பாதை ஓர மரங்களில் மட்டும் இலை வெளிறிப் புள்ளி புள்ளியாக இருக்கிறது. சிலந்திப்பேன். இலையில் புழுதி படிந்தால் சிலந்திப்பேனைத் தின்னும் வேறு பேன்களுக்குச் சிரமம், சிலந்திப்பேனுக்குக் கொண்டாட்டம். பாதைக்குத் தண்ணீர் தெளித்து, இலைகளையும் கழுவினேன்.

ஏப்ரல் 21
கழுவியது போதாதென்று ஒரு மரத்துக்கு எண்ணெய்க் கரைசல் அடித்தேன், அதுவும் உச்சி வெயிலில், பாசனத்துக்கு முன்பே. இலை ஓரம் கருகிவிட்டது. தாகத்தில் நிற்கும் மரத்துக்கு எண்ணெய் கூடாது என்று தெரிந்திருந்தும் அவசரப்பட்டுவிட்டேன். சிலந்திப்பேனுக்கு அடிக்கும் கந்தகமும் இப்போதைக்கு வேண்டாம். எண்ணெய் பட்ட மரத்தில் சில வாரமாவது இடைவெளி விடாவிட்டால் இன்னும் கருகும்.

மே 8
வடக்கு வரிசையில் புதுக்கொழுந்து சுத்தமாக இருக்கிறது. பழைய இலையில் கறுப்பு உரிந்து விழுகிறது. மூன்றாவது மரத்தில் மட்டும் பிசின்மேல் சருகு ஒட்டி, எறும்பு அதன்மேல் ஏறிக்கொண்டிருந்தது. சருகை எடுத்துவிட்டுப் புதுப் பிசின் தடவினேன்.