விகடகவியைத் திருப்பிக் கேட்டபோது

கோத்தகிரியில் ஐப்பசி மழை விடாமல் பெய்த மாலைகளில், பேசியதைப் பதிவுசெய்து கடைசியிலிருந்து முதலுக்கு ஒலிக்கும் சிறு கருவியொன்றைச் செய்யத் தொடங்கினேன். இஎஸ்பி32 என்னும் சிறு கணினிப் போர்டு, ஐஎன்எம்பி441 மைக், மேக்ஸ்98357ஏ ஆம்ப்ளிஃபையர், மெமரி கார்டு, சிறு ஸ்பீக்கர், இரண்டு பட்டன்கள் ஆகியவையே அதன் உறுப்புகள். வினாடிக்கு 16,000 மாதிரிகள் (ஒலியை அந்தந்தக் கணத்தில் அளந்த எண்கள்), மாதிரிக்கு 2 பைட் என்றால் ஒரு வினாடிப் பேச்சுக்கே 32,000 பைட் தேவை. போர்டின் உள்நினைவகமோ 520 கிலோபைட்தான், நிரலுக்குப் போக மிஞ்சுவது அதனினும் குறைவு என்பதால், பதிவை நேரே கார்டில் எழுதி, முடிவிலிருந்து 512 பைட் துண்டுகளாகப் படிப்பதென்று முடிவுசெய்தேன்.

முதல் முயற்சியில் பேச்சு பின்னோக்கிப் போனது. ஆனால் அதனூடே வண்டின் ரீங்காரம் போன்ற ஓர் ஒலி கேட்டது. துண்டுகளின் வரிசையை மாற்றிய நான், துண்டுக்குள் இருந்த 256 மாதிரிகளை அப்படியே விட்டிருந்தேன். வினாடிக்கு 62 முறைக்கு மேல் ஒலி அறுந்து ஒட்டிய ஓசைதான் அது. அதைத் திருத்தப்போய்த் துண்டு முழுவதையும் பைட் பைட்டாகத் திருப்பியதும் வெறும் இரைச்சலே மிஞ்சியது. தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்ததால், இரைச்சல் மழையினுடையதோ என்று நெடுநேரம் மைக்கையே சந்தேகித்தேன். உண்மையில், ஒவ்வொரு மாதிரியிலும் சிறிய மதிப்புள்ள பைட் முன்னும் பெரிய மதிப்புள்ள பைட் பின்னும் இருக்க வேண்டியது இடம் மாறிப்போயிருந்தது. இரண்டிரண்டு பைட்டாகச் சேர்த்துத் திருப்பியதும் குரல் தெளிந்தது.

உடனே ‘விகடகவி’ என்று பேசினேன். எந்தப் பக்கமிருந்து படித்தாலும் மாறாத அச்சொல், ‘இவகடகிவ்’ என்று வெளிவந்தது. பிழை கருவியில் இல்லை. ‘வி’ எழுத்தில் ஒன்று. ஒலியில் வகர மெய் முன்னும் இகர உயிர் பின்னுமாக இரண்டு. உயிர்மெய்யைக் கருவி அவிழ்த்துவிடுகிறது. நாம் மாலைமாற்று என்று மகிழ்வதெல்லாம் எழுத்தின் மாற்றே, ஒலியின் மாற்று அன்று. ‘இனி’ என்று சொன்னபோதுதான் ‘இனி’ என்றே திரும்பி வந்தது. அன்றிரவு எனக்கு உறக்கமே வரவில்லை.

பூஜை மணியையும் பதிவுசெய்தேன்: மௌனத்திலிருந்து ரீங்காரம் மெல்லப் பெருகிவந்து, நாக்கு மணியைத் தொடும் கணத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது.

ஒரு குறை மீதமுள்ளது. பதிவை நிறுத்தப் பட்டனை அழுத்தும் ‘டக்’ ஓசை, திருப்பும்போது முதலில் கேட்கிறது. முடிவிலுள்ள கால் வினாடியை, அதாவது 8,000 பைட்டை, விட்டுவிட்டுத் தொடங்கும்படி நிரலை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.